பந்தலுக்கு எந்தக் கயிறு? இரண்டு பருவமழையும் தாங்க வேண்டுமானால்

வைகாசிக் கடைசியில் சணல் கயிறு வாங்கிப் பாகல் பந்தல் போட்டேன். ஆடி பிறந்தபோது பந்தல் நிறையப் பூவும் பிஞ்சுமாக இருந்தது. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் ஒரு பக்கம் முழுக்கத் தரையில் கிடக்கிறது. முடிச்சுப் போட்ட இடத்தைத் தொட்டேன். நனைந்த காகிதம் மாதிரி கையோடு வந்தது.

அடுத்த வருடம் நீலநிறப் பிளாஸ்டிக் கயிறு. மழையைத் தாங்கியது, ஆனால் பங்குனி வெயிலில் வெளுத்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. அதன் துணுக்குகள் இன்றைக்கும் களை பறிக்கும்போது கையில் வருகின்றன. மூன்றாவது முறை கோபத்தில் மீன்பிடிக்கிற தங்கூசி நரம்பைக் கட்டினேன். அது அறவே அறுந்து போகவில்லை. அதற்குப் பதிலாகப் புடலங்கொடியின் தண்டை அறுத்துவிட்டது.

மூன்று பந்தல் போன பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. பந்தல் முழுவதற்கும் ஒரே கயிறு தேடியதுதான் என் தவறு. பாரம் சுமக்க ஒரு கயிறு, கொடி ஏற இன்னொன்று, தண்டைப் பிடித்து நிறுத்த வேறொன்று. இந்த மூன்றையும் எப்படிப் பார்த்து வாங்குவது, எவ்வளவு வாங்குவது, எப்போது வாங்குவது என்பதைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் உங்கள் விளை (தோட்ட நிலம்) எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டம் சின்னதுதான். ஆனாலும் கயிற்றைப் பொறுத்தவரை எல்லா இடமும் ஒன்றில்லை. நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் "சணல் ஒரு சீசன் வரும்" என்று சொல்வதை இங்கே அப்படியே நம்ப முடியாது.

குலசேகரம், திருவட்டாறு, பேச்சிப்பாறைப் பக்கம் என்றால் ஈரம்தான் எதிரி. மர நிழலில் கயிறு காயவே காயாது. தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று. முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்பது சும்மா இல்லை. கணவாய் வழியாக வரும் மேல்காற்று பந்தலை நாள் முழுக்க ஆட்டும், கயிறு கம்பத்தில் உரசி உரசித் தேயும். குளச்சல், முட்டம், மணக்குடி மாதிரிக் கடலோரம் என்றால் உப்புக்காற்று கம்பியைத் தின்றுவிடும். நாட்டில் பலரும் பந்தலுக்குப் பரிந்துரைக்கிற கட்டுக்கம்பி அங்கே ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடித்து நிற்கும்.

2. எந்தக் கொடி, எத்தனை மாதம்

பயறு மூன்று மாதத்தில் முடிந்துவிடும். பாகல், புடல், பீர்க்கு எல்லாம் நான்கு ஐந்து மாதம். கோவைக்காய் போட்டால் மூன்று வருடமாவது பந்தலில் இருக்கும். பாஷன் ஃப்ரூட்டும் அப்படித்தான். சதுர அவரையை ஆடியில் விதைத்தாலும் பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும், அதனால் மார்கழி தாண்டியும் கயிறு வேண்டும்.

மாதக் கணக்கோடு, கொடி எப்படி ஏறுகிறது என்பதையும் பாருங்கள். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

பாகல், புடல், பீர்க்கு, கோவை, வெள்ளரி எல்லாம் சுருள் விட்டுப் பிடிப்பவை. அந்தச் சுருளுக்கு மெல்லிய பிடி வேண்டும். பெருவிரல் தடிமனில் வடம் கட்டிக் கொடுத்தால் சுற்றத் தெரியாமல் தடவிக்கொண்டே இருக்கும். 3 முதல் 5 மி.மீ. கயிறு போதும்.

பயறு, அவரை, காச்சில் கிழங்கு எல்லாம் தண்டாலேயே சுற்றி ஏறுபவை. இவற்றுக்குச் சொரசொரப்பு முக்கியம். வழவழப்பான பிளாஸ்டிக் கயிற்றில் ஏறிய காச்சில் கொடி நல்ல மழையில் மொத்தமாக வழுக்கி அடியில் வந்து குவிந்ததை நான் பார்த்திருக்கிறேன். தென்னங்கயிற்றில் அப்படி நடக்காது.

நல்லமிளகும் வெற்றிலையும் ஒட்டுவேர் விட்டு மரத்தைப் பிடிக்கும். அவற்றுக்குக் கயிறு ஏணி இல்லை, வேர் பிடிக்கும் வரை தண்டை மரத்தோடு சேர்த்து வைக்கிற பிடி மட்டும்தான். வாழைநார் போதும். தோவாளையில் பூக்கட்டுகிற அதே நார்தான். வேர் பிடித்த பிறகு அது தானாக மக்கிப் போகும், நீங்கள் போய் அவிழ்க்க வேண்டியதில்லை.

3. கயிறுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

சணல்: மலிவு, கைக்கு மென்மை, முடிச்சு நன்றாக நிற்கும். ஆனால் நம் ஈரத்தில் சீக்கிரம் மக்கிவிடும், மண்ணைத் தொட்டால் இன்னும் சீக்கிரம். மாசியில் நட்டு மழைக்கு முன் முடிக்கிற பயறுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். பருத்தி நூல் கயிறும் இதே கதைதான்.

தென்னங்கயிறு: என் முதல் தேர்வு. தென்னை நாரில் லிக்னின் என்கிற, எளிதில் மக்காத பொருள் அதிகம், மற்ற நார்களைவிட மெதுவாகத்தான் மக்கும். ஒரு பாகல் பருவத்தை, அதுவும் மழையோடு, தாராளமாகத் தாண்டும். அதே தடிமன் பிளாஸ்டிக் கயிற்றோடு ஒப்பிட்டால் இழுவிசை குறைவு. அதனால் பாரம் முழுவதையும் அதில் ஏற்றக் கூடாது. பயிர் முடிந்ததும் கொடியோடு சேர்த்து வெட்டி உரக்குழியில் போட்டுவிடலாம். முடிச்சு பிரிக்கிற வேலையே கிடையாது.

நைலான்: உண்மையான நைலான் நல்ல பலம். ஆனால் நனைந்தால் கொஞ்சம் பலம் குறைந்து நீளும், பந்தல் தொய்யும். விலையும் அதிகம்.

பாலிப்ரோபிலின்: கடையில் பளபளப்பாகத் தொங்குகிற மலிவுக் கயிறுகளில் பெரும்பாலானவை இதுதான். வெயிலைத் தாங்கும் பொருள் சேர்க்கவில்லை என்றால் சில மாதத்தில் உதிரத் தொடங்கும்.

எச்.டி.பி.இ. (அடர்த்தி கூடிய பாலிஎத்திலின் பிளாஸ்டிக்): வலை பின்னுகிற, படகில் கட்டுகிற கயிற்று வகை. பாரம் சுமக்கிற கிடைக் கயிற்றுக்கு நான் எடுப்பது இதுதான். வெயிலை ஓரளவு நன்றாகத் தாங்கும், தண்ணீர் குடிக்காது. கறுப்பு நிறம் கிடைத்தால் அதையே எடுங்கள். கறுப்புக்காகச் சேர்க்கிற கார்பன் வெயிலின் புற ஊதாக் கதிரை உள்ளே விடாது.

4. கடையில் சொல்கிற பெயரை நம்பாமல் சோதித்து வாங்குங்கள்

"இது நைலானா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன். "ஆமா, நைலான்தான்" என்றார். வீட்டுக்கு வந்து தண்ணீரில் போட்டால் மிதக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. நம் ஊரில் பிளாஸ்டிக் கயிறு எதுவானாலும் பெயர் நைலான்தான். இந்த ஒரு பெயர்க் குழப்பத்தில்தான் நான் அதிகம் காசு விட்டேன்.

மிதவைச் சோதனை ஒரு நிமிட வேலை. ஒரு சாண் கயிறை வெட்டி, பிரிகளைப் பிரித்து, காற்றுக்குமிழ் போக விரலால் நன்றாக அழுத்தித் தண்ணீருக்குள் விடுங்கள். மூழ்கினால் நைலான் அல்லது பாலியஸ்டர். மிதந்தால் பாலிப்ரோபிலின் அல்லது எச்.டி.பி.இ. மிதக்கிற இரண்டில் எது என்று கண்ணால் சொல்வது கஷ்டம். அதனால்தான் எச்.டி.பி.இ. கயிறை மட்டும் நான் மீன்பிடிச் சாமான் விற்கிற கடையில் வாங்குகிறேன். குளச்சல், சின்னமுட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் அப்படிப்பட்ட கடைகள் உண்டு. கடலுக்குப் போகிறவர்களிடம் உதிர்கிற கயிறை விற்றால் மறுவாரமே திரும்பி வரும், அதனால் அங்கே எது எது என்று தெளிவாகச் சொல்வார்கள்.

நாரா பிளாஸ்டிக்கா என்றே சந்தேகம் வந்தால் நுனியைக் கொளுத்திப் பாருங்கள். நார் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாகும். பிளாஸ்டிக் உருகிச் சொட்டும். வெளியில் வைத்து, இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்த் தட்டு வைத்துச் செய்யுங்கள். சொட்டு தோலில் விழுந்தால் ஒட்டிக்கொண்டு சுடும்.

தென்னங்கயிறு வாங்கும்போது ஒரு அடி நீளத்தைப் பிரித்துப் பாருங்கள். தும்பு (நார் இழை) ஒரு சாணாவது நீளமாக இருக்க வேண்டும். பிரிக்கும்போதே தூளும் துண்டுத் தும்புமாகக் கொட்டினால் விட்டுவிடுங்கள். முறுக்கு ஒரே சீராக இருக்கிறதா என்று கயிற்றை இரண்டு விரலுக்கு நடுவே ஓட்டிப் பாருங்கள். மெலிந்த இடம் விரலுக்குத் தெரியும், அறுவதும் அங்கேதான். இன்னொன்று: இயந்திரத்தில் திரித்த சில கயிறுகளில் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் நூல் ஓடும். பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். உரக்குழிக்குப் போகிற கயிறு என்றால் அது வேண்டாம்.

நேரம் இருப்பவர்கள் இரண்டு மீட்டர் மாதிரி வாங்கி, தோட்டத்து மண் ஒரு பிடி கலந்த வாளித் தண்ணீரில் பத்து நாள் ஊறப் போடுங்கள். எடுத்து இரண்டு கையாலும் சுண்டி இழுங்கள். நான் ஒரே வாளியில் சணலையும் தென்னங்கயிற்றையும் போட்டேன். சணல் சத்தமே இல்லாமல் அறுந்தது. தென்னங்கயிறு உள்ளங்கையில் தடம் பதித்தது. பிளாஸ்டிக் கயிறு என்றால் மாசியில் மொட்டை மாடியில் கட்டி வையுங்கள். சித்திரையில் வளைத்துப் பார்த்தால் வெள்ளைக் கோடு விழுகிறதா, பொடி ஒட்டுகிறதா என்று தெரிந்துவிடும்.

5. பாரம் எவ்வளவு, தடிமன் எவ்வளவு

இங்கே கொஞ்சம் கணக்கு உண்டு, பொறுமையாகப் படியுங்கள். நேராகத் தொங்குகிற கயிற்றில் 10 கிலோ கட்டினால் கயிற்றுக்கு 10 கிலோ பாரம். கிடையாகக் கட்டிய கயிற்றில் அப்படி இல்லை. இரண்டு கம்பத்துக்கு நடுவே 10 அடி தூரம், நடுவில் 10 கிலோ, கயிறு அரை அடி தொய்ந்து நிற்கிறது என்றால், கயிற்றில் ஏறும் இழுவிசை சுமார் 50 கிலோ. ஒரு அடி தொய்ய விட்டால் 25 கிலோவாகக் குறையும். விறைப்பாக இழுத்துக் கட்டக் கட்டத்தான் கயிற்றுக்கும் கம்பத்துக்கும் கஷ்டம் கூடுகிறது. நான் வீணை நரம்பு மாதிரி இறுக்கிக் கட்டிய பந்தல்தான் முதலில் விழுந்தது.

இதோடு முடிச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் பலம் பாதி வரைகூடக் குறையலாம். மழையில் இலையும் கொடியும் சுமக்கிற தண்ணீர், காற்றின் வெட்டு வேறு. ஆகவே கிடைக் கயிற்றுக்கு 4 மி.மீ. எச்.டி.பி.இ.க்குக் குறையாதீர்கள். தடியங்காய் (சாம்பல் பூசணி), பூசணி ஏற்றுவதாக இருந்தால் 6 மி.மீ. அப்போதும் ஒவ்வொரு காய்க்கும் தனியாக உறி கட்டி, அந்த உறியைக் கயிற்றில் கட்டாமல் கம்பத்திலோ கழியிலோ கட்டுங்கள்.

வாங்கிய கயிற்றை நம்பலாமா என்று பார்க்க எளிய வழி: மாமரக் கிளையில் ஒரு துண்டைக் கட்டி, பத்து லிட்டர் தண்ணீர் நிறைந்த வாளியை ஒரு இரவு தொங்கவிடுங்கள். காலையில் கயிறு எத்தனை விரல் நீண்டிருக்கிறது, முடிச்சு வழுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். கொடி ஏறும் கயிற்றுக்கு இந்தச் சோதனை போதும்.

6. எவ்வளவு வாங்க வேண்டும், என்ன செலவு

10 அடிக்கு 10 அடி பந்தலை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் 40 அடி. உள்ளே இரண்டடிக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் எட்டுக் கயிறு, 80 அடி. முடிச்சுக்குக் கால் பங்கு சேர்த்தால் 150 அடி, அதாவது சுமார் 46 மீட்டர். இது எச்.டி.பி.இ. கயிறு. அதில் 4 மி.மீ. தடிமன் கிலோவுக்கு 120 மீட்டருக்குப் பக்கம் வரும், அரைக் கிலோ வாங்கினால் போதும்.

இடையிடையே கொடி படர, ஒவ்வொரு கட்டத்தையும் பிரிக்கிற மாதிரி பத்துத் தென்னங்கயிறு, 100 அடி. கீழிருந்து ஏற ஆறு செடிக்கு ஏழடி வீதம் 42 அடி. முடிச்சு சேர்த்து 170 அடி, சுமார் 52 மீட்டர்.

கடைசியாக நான் வாங்கியபோது எச்.டி.பி.இ. அரைக் கிலோ 130 ரூபாய், தென்னங்கயிறு 75 ரூபாய். இருநூறு ரூபாய்ச் சொச்சம். அதில் எச்.டி.பி.இ. அடுத்த வருடமும் ஓடும், தென்னங்கயிறு மட்டும் புதிதாக வாங்கினால் போதும். சணல் பந்தலை இரண்டு தடவை கட்டியதற்கு இதைவிட அதிகம் ஆனது, போன பாகற்காயைக் கணக்கில் சேர்க்காமல்.

எடைக்கு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஈரக் கயிறு எடை நிற்கும். தென்னங்கயிற்றைக் கையில் அழுத்திப் பாருங்கள், குளிர்ச்சியாக இருந்தால் மீட்டர் கணக்கில் கேளுங்கள். கோட்டாறு, வடசேரி, திங்கள்சந்தை, மார்த்தாண்டம் எங்கே வாங்கினாலும் இது பொருந்தும்.

7. காகிதம் ஏதாவது வேண்டுமா?

வீட்டுத் தோட்டத்துக்கு ஒன்றும் வேண்டாம், பில் மட்டும் கேட்டு வாங்குங்கள். அதில் "கயிறு" என்று மொட்டையாக எழுதாமல் வகை, மி.மீ., எடை மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். உதிர்ந்துபோன நீலக் கயிற்றைத் திருப்பிக் கேட்கப் போனபோது என் கையில் இருந்தது மொட்டைப் பில். எந்தக் கயிறு என்றே நிரூபிக்க முடியவில்லை.

விளையில் கல்தூண் நட்டுப் பெரிய பந்தல் போடுவதாக இருந்தால் கயிறும் கம்பியும் வாங்குவதற்கு முன்பே உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போய், அந்த ஆண்டு பந்தலுக்கு மானியம் இருக்கிறதா என்று கேளுங்கள். சிட்டா, அடங்கல், ஆதார் நகல், வங்கிக் கணக்குப் புத்தக நகல், புகைப்படம் கொண்டுபோனால் இரண்டாவது நடை மிச்சம். சிட்டாவை அரசின் நிலப் பதிவேட்டு இணையதளத்திலேயே எடுக்கலாம், அடங்கலுக்குக் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். முதலில் வாங்கிவிட்டுப் பிறகு பில்லோடு போய் நிற்காதீர்கள்.

8. எப்போது வாங்கிக் கட்டுவது

முதல் பருவத்துக்குச் சித்திரையில், இரண்டாவதற்குப் புரட்டாசி முதல் வாரத்தில் வாங்கிவிடுங்கள். மழை தொடங்கியபின் கடைகளில் தென்னங்கயிறு ஈரமாகத்தான் இருக்கும். விதை போட்ட அதே வாரம் பந்தலும் தயாராக இருக்க வேண்டும். கொடி ஒரு முழம் வளர்ந்த பிறகு பந்தல் கட்டப் போனால் காலில் மிதிபடும், அதோடு அது பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டு வர மறுக்கும்.

9. கட்டும்போது

தென்னங்கயிற்றை அரைமணி நேரம் தண்ணீரில் போட்டு எடுத்துக் கட்டுங்கள். கையைக் குத்தாது, முடிச்சும் இறுகும். எச்.டி.பி.இ. வழுக்கும், அதனால் இரட்டை முடிச்சுப் போட்டு மூன்று விரல் வால் விட்டு, நுனியைத் தீயில் காட்டி உருக்கிவிடுங்கள். கம்பத்தில் கயிறு உரசுகிற இடத்தில் பழைய சைக்கிள் ட்யூபை ஒரு சுற்றுச் சுற்றி அதன்மேல் கட்டுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் இதைச் செய்யாமல் விடவே கூடாது.

கீழிறங்கும் கயிற்றைச் செடித் தண்டில் கட்டாதீர்கள். செடிக்கு ஒரு சாண் தள்ளி முளை அடித்து, மண்ணுக்கு இரண்டு விரல் மேலே கட்டுங்கள். தண்டைப் பிடித்து நிறுத்த வேண்டுமானால் பழைய பருத்திச் சேலையைக் கிழித்த நாடாவை எட்டுப் போல வளைத்து, கயிற்றுப் பக்கம் இறுக்கமாகவும் தண்டுப் பக்கம் சுண்டுவிரல் நுழைகிற அளவு தளர்வாகவும் கட்டுங்கள். சுருக்கு முடிச்சு மட்டும் தண்டில் விழவே கூடாது. பயறையும் காச்சிலையும் கயிற்றில் ஏற்றிவிடும்போது அது எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கமே சுற்றிவிடுங்கள். மாற்றிச் சுற்றினால் இரண்டு நாளில் அவிழ்ந்து தொங்கும்.

10. பழைய மீன்வலை வேண்டாம்

கடலோரத்தில் மலிவாகக் கிடைக்கும், சில சமயம் சும்மாவே கொடுப்பார்கள். கட்டவும் சுலபம். நானும் ஒரு தடவை வாங்கிப் பந்தலின் ஓரத்தில் தொங்கவிட்டேன். நான்காம் நாள் காலையில் அதில் ஒரு சாரைப்பாம்பு. தப்பிக்க முறுக்கிய முறுக்கில் நரம்பு செதிலுக்குள் இறங்கியிருந்தது. கத்தரிக்கோலால் ஒவ்வொரு கண்ணாக வெட்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. பிழைத்து வேலிக்குள் போனது, அன்றைக்கே வலையைக் கழற்றிவிட்டேன். எலி பிடிக்கிற பாம்பும், பூச்சி தின்கிற ஓணானும் நம் தோட்டத்துக்கு வேண்டியவை.

11. நடுவில் ஒரு தடவை, கடைசியில் ஒரு தடவை

காய்ப்பு தொடங்குகிற வாரத்தில் எல்லா முடிச்சையும் கையால் தொட்டுப் பாருங்கள். பெருமழை எச்சரிக்கை வந்தால் முற்றிய காய்களைப் பறித்துப் பாரத்தைக் குறைத்துவிடுங்கள். பயிர் முடிந்ததும் தென்னங்கயிற்றைக் கொடியோடு வெட்டி உரக்குழியில் போடுங்கள். எச்.டி.பி.இ. கயிற்றை அவிழ்த்து, கழுவி, சுருட்டி நிழலில் தொங்கவிடுங்கள். அடுத்த பருவத்துக்கு எடுக்கும்போது வளைத்துப் பாருங்கள். வெள்ளைக் கோடு விழுந்தால் அதற்கு மேல் கட்ட வேண்டாம். எரிக்கவும் வேண்டாம், குப்பை வாங்க வருகிறவர்களிடம் பிளாஸ்டிக்கோடு தனியாகக் கொடுத்துவிடுங்கள்.